இடப்பக்க ஸ்டீரிங்

பரிபூரணத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ஓர் அம்பாசிடரின் பின்கண்ணாடி வழியாக. அவளைப் பார்த்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, அவள் பின்தலையைப் பார்த்தேன். முன்சீட்டில், டிரைவர் செபாஸ்டியனுக்கு இடப்பக்கம், தலையில் நீலத் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்சீட்டில் உட்கார்ந்தால் அவளுக்குக் குமட்டும். முன்னால் என்றால் காற்று முகத்தில் அடிக்கும், மூச்சு கொஞ்சம் லேசாகும். பின்சீட்டில் எங்கள் மகள் வத்சலா, மடியில் வெந்நீர் பிளாஸ்க்கும் ஒரு கூடையும். நான் வாசற்படியில். கார் கிளம்பியது, தெருவில் இருநூறு அடி போயிற்று, முனையில் பெட்டிக்கடையை ஒட்டித் திரும்பிற்று. அந்த இருநூறு அடிக்குள் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாளா இல்லையா. பின்கண்ணாடியில் எதிர்வீட்டு வேப்பமரத்தின் நிழல் விழுந்திருந்தது, கார் நகர நகர அந்த நிழலும் நகர்ந்தது, ஏதோ ஒன்று அசைந்தது, அது அவள் தலையா, வேப்பங்கிளையா என்று பதினோரு வருஷமாக எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே ஆள் வத்சலா. அவள் இப்போது என் பக்கத்தில் இந்த மதுரைக் கண்ணாஸ்பத்திரிப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள், பத்திரிகையைப் புரட்டும் சத்தம் கேட்கிறது. இன்றைக்குக் கேட்டுவிட வேண்டும். கேட்கத்தான் திண்டுக்கல்லிலிருந்து பஸ் ஏறும்போதே நினைத்தேன். வாடிப்பட்டி வந்தது, கேட்கவில்லை. மாட்டுத்தாவணி வந்தது, கேட்கவில்லை. இப்போது கண்ணில் மருந்து ஊற்றி மூடச் சொல்லிவிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பது சுலபம் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

மூடிய கண்ணுக்குள் இருட்டு என்பது பொய். சிவப்புத்தான் இருக்கிறது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று இமைக்குள்ளேயே தெரிகிறது, யாராவது குறுக்கே நடந்தால் சிவப்பு மங்கி மறுபடி ஏறுகிறது. மருந்து ஊற்றும் பெண் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வந்து, தாத்தா, மேல பாருங்க, என்கிறாள், இமையை விரலால் விலக்குகிறாள், ஒரு சொட்டு, குளிர்ச்சி, அப்புறம் எரிச்சல், அப்புறம் தொண்டையில் கசப்பு. கண்ணில் ஊற்றியது தொண்டைக்கு எப்படி வருகிறதோ. திறக்கக் கூடாது தாத்தா, கண்ணுப் பாப்பா விரிஞ்சாத்தான் டாக்டரு உள்ள பின்னாடி நரம்பு வரைக்கும் பாக்க முடியும், என்கிறாள். எனக்கு இடப்பக்கம் உசிலம்பட்டிக்காரர் ஒருவர், குரலை வைத்துப் பார்த்தால் என் வயசுதான். அண்ணே, உங்களுக்கு எத்தனாவது சொட்டு, என்றார். மூன்று என்றேன். எனக்கு அஞ்சு, இன்னும் விரியலயாம், எங்க வீட்டுக்காரி சொல்லுவா, உங்களுக்கு எதுதான்யா சட்டுனு விரியும்னு, என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல், சும்மா வாய மூடிக்கிட்டு இரு, கண்ண மட்டும் மூடுனாப் பத்தாது உனக்கு, என்றது. அவர் இன்னும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவருக்கு அதட்டுவதற்கு ஆள் இருக்கிறது. என் வலது கண்ணில் ஒரு வருஷமாகப் புகை. இடது கண்ணில் புரை. உள்ளே நரம்பு செத்திருந்தால் புரையை எடுத்தும் பிரயோஜனமில்லை என்று திண்டுக்கல் டாக்டர் சொல்லிவிட்டார். அப்படி ஆகிவிட்டால் வீட்டில் மாட்டியிருக்கும் பரிபூரணத்தின் படமும் எனக்கு இல்லை. உள்ளே என்ன இருக்கிறதோ அதுதான். உள்ளே இருப்பது ஒரு பின்தலை. அது திரும்பியதா என்று தெரிந்தால் அதன்படி வைத்துக்கொள்வேன். தெரியாமல் எதை வைத்துக்கொள்வது.

இந்தச் சிவப்பை எனக்குத் தெரியும். காரின் பின்விளக்கு. ராக்கெட்டின் வாலில் நெருப்பு வருவது போல, மீன் துடுப்பு மாதிரி எழுந்து நிற்கும் இரண்டு இறக்கைகளின் நுனியில், இரண்டிரண்டாகப் பதித்த சிவப்பு. நான் அதை முதலில் பார்த்தது ஒரு பக்கோடாப் பொட்டலத்தில். கொடைக்கானலில் இருந்த வெள்ளைக்காரப் பாதிரிமார் வீடுகளிலிருந்து பழைய அமெரிக்கப் பத்திரிகைகள் மலை இறங்கித் திண்டுக்கல் பழைய பேப்பர்க் கடைக்கு வரும். நல்ல வழவழப்பான தாள், எண்ணெய் சீக்கிரம் இறங்காது என்று பலகாரக் கடைக்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குவார்கள். எனக்கு இருபத்தொரு வயசு. பக்கோடாவைத் தின்றுவிட்டுத் தாளைக் கசக்கப் போனவன் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கார். அதைக் கார் என்பதா. எங்கள் ஊரில் கார் என்றால் கறுப்பு, இல்லாவிட்டால் சாம்பல், மழை பெய்தால் ஒழுகும், கிளம்புவதற்கு முன் இருமும். இது பிஸ்தாப் பச்சை நிறம், பக்கவாட்டில் ஒரு வெள்ளைப் பட்டை, முன்னாலிருந்து பின்வரைக்கும் யாரோ ஒரே மூச்சில் இழுத்தது போல. ஒன்றுக்கு இரண்டு கலர். முன்பக்கம் பல் வரிசை மாதிரி வெள்ளி. கூரை இல்லை. உள்ளே ஓர் ஆணும் பெண்ணும். மழை பெய்து ஓய்ந்த சாலை, அந்திக் கருக்கல், ஈரத்தில் காரே தலைகீழாக இன்னொரு தரம். எண்ணெய் பட்ட இடத்தில் தாள் கண்ணாடி போலாகி, பின்பக்கத்து அச்சு தெரிந்தது, அதனால் அந்தப் பெண்ணின் கன்னத்தில் இடவலம் மாறிய எழுத்துகள். உப்புத்தூள் பம்பரில் ஒட்டியிருந்தது, அதுவும் மினுங்கிற்று. பேப்பர்க் கடைக்குப் போய் அந்த மாதிரித் தாள் எல்லாவற்றையும் எனக்கு எடுத்து வை என்றேன். படிக்கத் தெரியுமா உனக்கு, என்றான் கடைக்காரன். கார் பார்க்கத் தெரியும், என்றேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். அந்தத் தாள்களின் அடியிலிருந்த இங்கிலீஷைத்தான் அகராதி வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டினேன், அப்படித்தான் அந்தப் பாஷை எனக்குக் கொஞ்சம் வந்தது. வழுக்கிப் போகும், மிதக்கும், தாலாட்டும், இந்த மாதிரி வார்த்தைகள். எங்கே போகும் என்று ஒரு விளம்பரத்திலும் எழுதியிருக்காது. புதியது, புதியது, முற்றிலும் புதியது. வருஷா வருஷம் புதியது. போன வருஷத்துக் கார் என்ன ஆயிற்று என்று நான் யோசிப்பேன். அதுவும் போன வருஷம் முற்றிலும் புதியதாகத்தானே இருந்தது.

ரூபகலா ஸ்டுடியோவில் எனக்கு வேலை பின்திரை வரைவது. தூண், மாடிப்படி, தாமரைக் குளம், நிலா. முதலாளி கோதண்டராமுக்கு அந்தத் தாளைக் காட்டினேன். பலகையில் இதை வெட்டி வரைந்து பின்னால் பெஞ்சு போட்டு உட்கார வைத்தால் எப்படி இருக்கும் என்றேன். அவர் தாளை முகர்ந்தார். பக்கோடா வாசம் வருதேய்யா ஆர்ட்டிஸ்ட்டு, என்றார். ஆனால் அவர் கண்ணும் அந்த இறக்கையிலேயே நின்றது. ஒன்பது அடி ஒட்டுப்பலகை வாங்கித் தந்தார். தாளில் கட்டம் போட்டுப் பலகையில் கட்டம் போட்டு அப்படியே பெரிதாக்கினேன், ஒரு மாசம். முடித்து முதலாளியைப் பின்னால் உட்கார வைத்தால், காருக்குள் ஒரு பூதம் உட்கார்ந்திருந்தது. தலை அவ்வளவு பெரிசு. கார் அவர் மடியில் வைத்த பொம்மை போல ஆகிவிட்டது. எங்கே தப்பு என்று எனக்குப் புரியவில்லை. மறுபடி தாளை அளந்தேன். ஸ்கேலை வைத்து அந்த வெள்ளைக்காரனின் தலையை அளந்தேன், கதவை அளந்தேன், அப்போதுதான் பிடிபட்டது. வரைந்தவன் மனிதர்களைச் சுருக்கியிருக்கிறான். கார் நீளமாக, அகலமாக, கப்பலாகத் தெரிய வேண்டும் என்று உள்ளே இருப்பவர்களைப் பத்து வயசுப் பிள்ளைகள் அளவுக்குச் சிறிதாக்கியிருக்கிறான், கண்ணுக்குத் தெரியாமல். அவ்வளவு அழகான பொய்யை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கோபம் வரவில்லை. அந்த ஆளை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. பலகையை இன்னும் மூன்று அடி ஒட்டி நீட்டினேன். பன்னிரண்டு அடி. ஸ்டுடியோக் கதவு வழியாக அது இனி வெளியே வராது என்று ஆயிற்று.

ஸ்டீரிங்கை மட்டும் வரையவில்லை. கையால் பிடிக்க வேண்டும் அல்லவா, அதற்கு நிஜம் வேண்டும். லாரி உடைக்கும் இடத்திலிருந்து ஒரு பெரிய கறுப்பு ஸ்டீரிங் வாங்கி வந்து, விளம்பரத்தில் உள்ளபடி தந்த வெள்ளை அடித்து, நடுவில் வெள்ளி வளையம் வைத்துப் பலகையில் முடுக்கினேன். விளம்பரத்தில் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கம். காரின் இடப்பக்கம். முதல் முகூர்த்தத்தன்றே தெரிந்துவிட்டது நான் செய்தது என்ன என்று. நத்தத்திலிருந்து ஒரு புது மாப்பிள்ளை பெண், கூடப் பதினைந்து பேர். தாலி ஏறிய பிறகு பெண்டாட்டிக்கு இடப்பக்கம்தானே. மாப்பிள்ளை வலப்பக்கம் உட்கார்ந்தார், பெண் இடப்பக்கம் உட்கார்ந்தாள், ஸ்டீரிங் பெண்ணின் மார்புக்கு நேராக நின்றது. மாப்பிள்ளையின் அம்மா, இதென்னய்யா கூத்து, என் மகன ஏத்திக்கிட்டு இவ ஓட்டுறாளா, என்றாள். மாறி உட்காருங்க என்றார் முதலாளி. அது எப்படி மாறி உட்காருறது, கல்யாணப் போட்டோவுல பொண்டாட்டிய வலப்பக்கம் வைப்பானா எவனாவது, என்றார் பெண்ணின் தாய்மாமன். மாப்பிள்ளைக்கு வியர்த்தது. பெண் ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முதலாளி தலையைக் கறுப்புத் துணிக்குள் விட்டுக்கொண்டு எடுத்துவிட்டார். அவர்கள் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். ஏன்யா, அமெரிக்காக்காரனுக்கு அந்தப் பக்கம் சரி, நம்ம ஊருல எந்தப் பக்கம்னு ஒரு பஸ்ஸக்கூடவா நீ பாத்ததில்ல, நாளைக்கே மாத்து, என்றார். மாற்றியிருப்பேன். மாற்றினால் பலகையில் நான் ஒரு வாரம் இழைத்த நிழல், கண்ணாடியில் ஸ்டீரிங் விழும் பிம்பம், எல்லாம் போகும். சரி முதலாளி என்றேன், இரண்டு நாள் தள்ளினேன். அதற்குள் அந்தப் படம் கழுவி வந்து வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்தாயிற்று. பார்த்துவிட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். அந்த டைவர் போட்டோ, அந்த டைவர் போட்டோ, என்று கேட்டுக்கொண்டு. மாப்பிள்ளைமார் கூச்சத்தோடு பின்னால் வருவார்கள். பிறகு முதலாளி மாற்றச் சொல்லவே இல்லை. நத்தத்திலும் வேடசந்தூரிலும் சின்னாளபட்டியிலும் எத்தனையோ வீட்டில் இன்றைக்கும் பெண்டாட்டிதான் ஓட்டிக்கொண்டிருப்பாள், புருஷன் வலப்பக்கத்தில் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான்.

தாத்தா, மேல பாருங்க. நாலாவது சொட்டு. வத்சலா என் கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கிறாள், அவள் விரலில் அவள் அம்மாவின் விரலைப் போலவே ஓர் அவசரம். எரியுதாப்பா, என்றாள். இல்லை என்றேன். இப்போது கேட்கலாம். அவள் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். வரட்டும். கேட்டால் என்ன சொல்வாள். இல்லப்பா, திரும்பல, என்று சொல்லிவிட்டால் அதைக் கேட்டுக்கொண்டு இதே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பரிபூரணம் கோபமாகத்தான் போனாள். அது எனக்குத் தெரியும். அன்றைக்குக் காலையில், நீங்களும் வாங்க, என்றாள். போன வருஷத்து எக்ஸ்ரே ஃபைல் இல்லாமல் போனால் மதுரை ஆஸ்பத்திரியில் மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுப்பார்கள், ஃபைலைத் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வருகிறேன், நீங்கள் முன்னால் போங்கள் என்றேன். என்னைவிட ஃபைலு பெரிசா, என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள், அதனால் அது கோபமா மூச்சா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இதுவும் ஒரு வேப்பங்கிளை. பிறகு செபாஸ்டியன் கதவைத் திறந்தார், முன்சீட்டில் ஏறினாள். ஃபைல் அரைமணி நேரத்தில் கிடைத்தது. பரணில், என் பழைய அமெரிக்கப் பத்திரிகைக் கட்டுக்கு அடியில். அந்தக் கட்டை இறக்கினேன், மேல் தாளில் ஒரு மஞ்சள் கார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதை நான் ஒரு நிமிஷம் பார்த்தேன். ஒரு நிமிஷம்தான். நான் ஃபைலோடு பஸ் ஏறி மதுரை போய்ச் சேர்ந்தபோது வத்சலா ஆஸ்பத்திரி வாசலில் கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். அம்மா வாடிப்பட்டி தாண்டியதுமே போய்விட்டாள் என்றாள். அந்த ஒரு நிமிஷத்தை நான் திருப்பித் திருப்பி அளந்து பார்த்திருக்கிறேன். அதனால் எதுவும் மாறியிருக்காது. ஆனாலும் அளக்கிறேன்.

விளம்பரங்களில் பெண்கள் எல்லோரும் புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் எண்ணூறு தாளாவது பார்த்திருப்பேன். ஆண் சாலையைப் பார்ப்பான், அவள் தலையில் கட்டிய பட்டுத்துணி பறக்க அவனைப் பார்த்துச் சிரிப்பாள். காற்று எப்போதும் முன்னாலிருந்து வரும், புழுதி இருக்காது, ஆடு குறுக்கே வராது. அந்தக் கார்களில் பின்சீட்டில் யாரும் குமட்டலோடு சாய்ந்திருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் படத்தில் அப்படியே தலைகீழ். கல்யாணமாகி எட்டாம் நாள் பரிபூரணத்தை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போனேன். அதுவரைக்கும் நாங்கள் இருவரும் நேராக நான்கு வார்த்தை பேசியிருப்போமா என்பது சந்தேகம். பலகைக்கு முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தாள். நீங்க வரைஞ்சதா, என்றாள். ஆமாம் என்றேன். இதுல ஏறி எங்க போறாங்க, என்றாள். அந்த எண்ணூறு தாளிலும் போட்டிருக்கவில்லையே. தெரியாது, என்றேன். சரி, ஏறிட்டுப் பாப்போம், என்று சொல்லிவிட்டுப் போய் இடப்பக்கம் உட்கார்ந்தாள். மற்றப் பெண்கள் ஸ்டீரிங்கை ஆசீர்வாதம் வாங்குவது போலத் தொட்டுக்கொண்டிருப்பார்கள். இவள் இறுக்கிப் பிடித்தாள். முதலாளி துணிக்குள்ளிருந்து, அம்மா, இங்க என்னப் பாருங்க, என்றார். பாக்க முடியாது, என்றாள். ஏம்மா. வண்டி ஓட்டும்போது ரோட்டப் பாக்கணுமா உங்களப் பாக்கணுமா, என்றாள். முதலாளி துணியிலிருந்து தலையை எடுத்து என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் அவர் எடுத்துவிட்டார், எரிச்சலில் அமுக்கிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒருத்தரும் கேமராவப் பாக்கல, ஒரு பிளேட்டு வீணு, இதுக்கு மேல உனக்கு எடுக்க மாட்டேன்யா, என்றார். எடுக்கவுமில்லை. ரேஷன் கார்டில் ஒரு படம் உண்டு, அதில் நாங்கள் மூன்று பேரும் கடுகு அளவு. ஓட்டுரிமை அட்டையில் இருப்பது அவளே இல்லை, அது யாருமே இல்லை. ஆக இந்த ஒன்றுதான். அதில் அவள் என்னைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்க்கும் யாரையும் பார்க்கவில்லை. படத்துக்கு வெளியே கொஞ்சம் தள்ளி ஓரிடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பதினோரு வருஷமாக நான் அந்த இடத்தில் போய்ப் போய் நின்று பார்க்கிறேன், நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கூடப் பார்த்திருக்கிறேன். எங்கே நின்றாலும் அவள் பார்வை ஒரு சாண் தள்ளிப் போகிறது. வரையத் தெரிந்த எனக்கு அது ஏன் என்று தெரியும். தெரிந்துதான் நகர்த்துகிறேன்.

சிவப்பு மங்கிற்று. யாரோ முன்னால் நிற்கிறார்கள். தண்ணி குடிப்பா, என்றாள் வத்சலா. குடித்தேன். பாட்டில் மூடியைத் திருகும் சத்தம். உசிலம்பட்டிக்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள், அண்ணே வாரேன், விரிஞ்சிருச்சு, என்று சொல்லிவிட்டுப் போனார், அந்தம்மா அவரை அதட்டிக்கொண்டே கூடப் போனாள். பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்து நான். உள்ளே போனால் விளக்கடித்துப் பின்னால் நரம்பைப் பார்ப்பார்கள். அதற்கு முன்னால். வத்சலா, என்றேன். என்னப்பா. அன்னைக்குக் கார்ல அம்மா போனாளே, என்றேன். அவள் பத்திரிகையை மடித்து வைத்தது கேட்டது. நம்ம தெருவுல போறப்ப, முனை திரும்புறதுக்குள்ள, திரும்பிப் பாத்தாளா, என்றேன். சொல்லிவிட்டேன்.   எங்கேயோ ஒரு தள்ளுவண்டியின் சக்கரம் கீச்சிட்டுக்கொண்டு போயிற்று. பிறகு, இதையாப்பா இத்தன வருசமா வச்சுக்கிட்டிருந்தீங்க, என்றாள். சொல்லும்மா, என்றேன். திரும்பலப்பா, என்றாள்.

சரி. அவ்வளவுதான். அப்படியானால் அது வேப்பங்கிளை. ஒரு விதத்தில் கையில் பிடித்திருந்த எதையோ கீழே வைத்தது போலத்தான் இருந்தது, கை மட்டும் இன்னும் பிடித்திருந்த நிலையிலேயே. கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், நல்லதாகப் போயிற்று. அப்போது வத்சலா சிரித்தாள். அழுகைக்குப் பக்கத்திலிருந்து வந்தது, ஆனாலும் சிரிப்புத்தான். திரும்ப எதுக்குப்பா, என்றாள். ஏறி உக்காந்ததுமே அம்மா என்ன பண்ணுச்சு தெரியுமா, முன்னாடி டைவர் கண்ணாடி இருக்குல்ல, கைய நீட்டி அதத் தன் பக்கம் திருப்பி வச்சுக்கிச்சு. செபாஸ்டியன் அண்ணன், அக்கா அக்கா, அதத் திருப்பிட்டா நான் எப்படிப் பின்னாடி பாக்குறதுன்னாரு. பின்னாடி நான் பாத்துக்கிறேன், நீ முன்னாடி பாத்து ஓட்டுன்னுச்சு. தெரு முடியற வரைக்கும் அந்தக் கண்ணாடியவேதான் பாத்துக்கிட்டு வந்துச்சு. வாசல்லயே நிக்கிறாரு பாரு, மரம் மாதிரி, உள்ள போயி ஃபைலத் தேடுவாரான்னு பாத்தா நின்னுக்கிட்டே இருக்காருன்னு திட்டிக்கிட்டே வந்துச்சு. முனை திரும்புனதும், ஆ, போயிட்டாருன்னு சொல்லிட்டுக் கண்ணாடிய டைவர் பக்கம் திருப்பி விட்டுருச்சு. அப்புறம் வாடிப்பட்டி வரைக்கும் ஒண்ணும் பேசல. இத யாராச்சும் கேட்டாத்தானேப்பா சொல்லுவேன், என்றாள்.

நான் வாசலில்தான் நின்றேன், அது உண்மை. முனை திரும்பின பிறகும் நின்றேன். கண்ணாடியில் நான் எவ்வளவு உயரம் இருந்திருப்பேன் என்று கணக்கு ஓடிற்று. முதலில் உள்ளங்கை அளவு, பிறகு கட்டைவிரல், பெட்டிக்கடை வரும்போது ஒரு கடுகு. ஒவ்வொரு அளவிலும் அவள் என்னைப் பார்த்திருக்கிறாள். திட்டிக்கொண்டு. இமைக்குள் அந்தச் சிவப்பு அப்படியே இருந்தது, ஆனால் இப்போது அது விலகிப் போகும் விளக்காகத் தெரியவில்லை, வெறும் வெயில், ஜன்னல் வெயில். அழகிரி தாத்தா, உள்ள வாங்க, இனி கண்ணத் திறந்துக்கலாம், என்றாள் அந்தப் பெண். திறந்தேன். பாப்பா முழுக்க விரிந்திருந்தது. வெளிச்சம் அத்தனையும் ஒரே தடவையாக உள்ளே வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதை முழுக்க ஈரமாக மினுங்கிற்று, தரையில் ஆட்கள் எல்லோரும் தலைகீழாக இன்னொரு தரம் நடந்தார்கள், தள்ளுவண்டியின் கம்பி, தண்ணீர்ப் பாட்டில், வத்சலாவின் மூக்குக் கண்ணாடி, எல்லாவற்றின் ஓரத்திலும் ஒரு வெள்ளிக் கோடு, மழை ஓய்ந்த அந்திச் சாலையில் போல. வத்சலா என் கையைப் பிடித்தாள். இடப்பக்கம் வாங்கப்பா, என்றாள்.

வலது கண்ணில் நரம்பு போய்விட்டது என்றார் டாக்டர். இடது கண்ணில் இருக்கிறது, அடுத்த செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். ரூபகலா ஸ்டுடியோ இருந்த இடத்தில் இப்போது ஒரு செல்போன் கடை. பலகையைக் கரையான் தின்றுவிட்டது, எண்பத்தாறிலோ ஏழிலோ. முதலாளி ஸ்டீரிங்கை மட்டும் கழற்றி எனக்குக் கொடுத்தார். வீட்டில் பின்கட்டுச் சுவரில் இரண்டு ஆணியில் மாட்டியிருக்கிறது, அதில் ஈரத்துண்டு காயப்போடுகிறோம். நான் அடித்த வெள்ளை இன்னும் இருக்கிறது, கை பிடிக்கும் இரண்டு இடத்தில் மட்டும் தேய்ந்து அடியிலுள்ள கறுப்பு தெரிகிறது.